விளக்கெண்ணெய்க்கு இத்தாலியப் பெயர்

லோட்ஸ் என்று எழுதி
வூச் என்று கூப்பிடுகிற ஊர் எங்களுடையது.
எழுத்துக்கும் வாய்க்கும் இவ்வளவு தூரம் இருக்க
சோப்பு டப்பாமேல் எழுதியிருப்பதை மட்டும்
நான் ஏன் நம்பவேண்டும் என்று கேட்டேன்.
போகுமில் பதில் சொல்லவில்லை.
வெண்ணெய் திரளக் காத்திருப்பவன் போல
கிண்ணத்துக்குள் நுரையடித்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தொரு சோப்பு. எண்ணியிருக்கிறேன்.
ஒன்று, மழைக்குப் பிந்தைய தேவாலயம்போல் மணக்குமாம்.
எனக்கு அது ஈரக் குடை.
பேட்ஜர் முடித் தூரிகை அறுநூறு ஸ்லோட்டி.
மயிரை எடுக்க மயிரை வாங்குகிறாய், என்றேன்.
நுனியைப் பார், வெள்ளி, என்றான்.
மாதம் ஒன்றாகியும் குளியலறையில்
நனைந்த நாயின் வாடை.

சவரத்துக்குமுன் தடவ ஓர் எண்ணெய்.
பச்சைப் புட்டி, தக்கை மூடி, இத்தாலியப் பெயர்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கம் படித்தேன்.
முதல் சரக்கு விளக்கெண்ணெய்.
அதற்குப் பிறகு படிக்கவில்லை.

அப்புறம் சுற்றுகள்.
முடி சாயும் வாக்கில் ஒன்று
குறுக்கே ஒன்று
எதிர்த்து ஒன்று
விட்டுப்போனதைத் தேடி நாலாவது.
ஆறு மணி டிராமைப் பார்த்து அனுப்ப வேண்டியவன்
நாலேகாலுக்கே குழாயைத் திறப்பான்.
சாயங்காலம் வீடு திரும்பும்போது
கன்னம் பழையபடி உப்புத்தாள்.

ஜனவரியில், டிப்போ வாசல் பனிக்கட்டியில் சறுக்கி
வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான்.
முழங்கைவரை மாவுக்கட்டு.
ஒன்பதாம் நாள், நீயே செய்துவிடு, என்றான்
வங்கிக் கடவுச்சொல்லைச் சொல்கிற குரலில்.
வரிசையும் சொன்னான்:
எண்ணெய். சூடான துண்டு. பதினேழாம் டப்பா.
நுரை தயிர்போல் நிற்கவேண்டும், மோர்போல் ஓடக்கூடாது.
கண்ணை மூடிக்கொள், என்றேன்.

என் கையில் இருந்தது
க்டினியா கடற்கரை விடுதியில் எடுத்துவந்த
தீப்பெட்டியளவு சோப்பு.
தூரிகை, என் விரல்கள்.
ரேஸர் மட்டும் அவனுடையது.

அழுத்தாதே, அதன் எடையே போதும், என்றான்.
அது நிஜம்.
இத்தனை வருடப் பேச்சில் கூட்டிக் கழித்தால்
மிஞ்சுவது அது ஒன்றுதான்.
சருகின்மேல் பூனை நடக்கிற சத்தம் கேட்டது.
இடது தாடைக்குக் கீழே ஓரிடத்தில்
முடி, உச்சந்தலைச் சுழிபோல் சுழன்று முளைத்திருக்கிறது.
இருபத்திரண்டு வருடமாக அந்தக் கழுத்தருகே தூங்குகிறேன்,
எனக்குத் தெரியாது.
அங்கே மட்டும் கத்தியைத் திருப்பினேன்,
யாரும் சொல்லித்தராமல்.

ஒரே சுற்று. வெந்நீர். துண்டு.
இடக்கையால் தடவிப் பார்த்தான்.
பதினேழு, என்றான், நான்தான் சொன்னேனே.
ஆமாம், என்றேன்.

உதட்டோரம் ஒரு சொட்டு ரத்தம்.
படிகாரக் கட்டியை வைத்ததும்
சுர்ரென்று காற்றை உள்ளுக்கு இழுத்தான்.
எரிந்தால்தான் வேலை செய்கிறதாம். முன்பெல்லாம் சொல்வான்.
கட்டியை அலம்பி வைத்துவிட்டு
செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து ஒட்டினேன்.
நின்றுவிட்டது.
அன்று பகல் முழுக்க
மைனஸ் பதினொன்று என்று
அவன் வாயோரம் எழுதியிருந்தது.

கட்டுப் பிரித்த மறுநாள்
நாலேகாலுக்குக் குழாய்ச் சத்தம் இல்லை.
ஐந்துவரை தூங்கினான்.
அந்த வாரத்திலிருந்து குளியலறைக் கதவு
கிறீச்சிடுவதில்லை.
பச்சைப் புட்டியில் பாதிதான் இருக்கிறது.
நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை தபாலில்
முப்பத்திரண்டாவது டப்பா வந்தது.
மூடியின்மேல், கடலோர விடுதி, காலை
என்று போட்டிருந்தது.
முகர்ந்து பார், என்று நீட்டினான்,
டப்பாவைப் பார்க்காமல்
என் முகத்தையே பார்த்துக்கொண்டு.