மூன்றரை மணி வில்லங்கம்

ஊரின் பெயர் சோரும்.
துருக்கிக்காரர்களுக்கு அது வெறும் ஊர்ப்பெயர்.
நம் காதுக்கு
மதியம் மூன்றரை மணியின் வினைமுற்று.

பத்திரப் பதிவு அலுவலகம், நான்காம் சன்னல்.
பெரிஹான் கண்ணாடியைக் கழற்றி
மூக்கில் பதிந்த இரு தடங்களைத் தேய்க்கிறாள்.
எதிரே ஒரு கோதுமை வயல், ஒன்பது வாரிசுகள்.
பதினாறில் மூன்று, முப்பத்திரண்டில் ஒன்று,
அறுபத்து நான்கில் ஏழு என்று
பின்னங்கள் வயலைவிட நீண்டுவிட்டன.

இந்நேரம் தேநீர் வரும்.
ஷாபான் தட்டைச் சாய்க்காமல் படியேறி வருவார்.
இடை சிறுத்த கண்ணாடிக் குவளை,
ஓரத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டி.
பதினேழு வருஷம் கேள்வியே இல்லை.
போடுவாள், கலக்குவாள்,
கரண்டி மூன்று முறை கிணுங்கினால்
தூரத்தில் ஐந்து மணி தெரியும்.

மார்ச்சில் மருத்துவர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.
ஓர் எண்ணின் கீழே மட்டும் பேனாக் கோடு.
அவளுக்குத் தன் தொழிலின் சொல்தான் வந்தது:
வில்லங்கம்.
சொத்து உங்களுடையதுதான் அம்மா,
ஆனால் இன்னொருவர் உரிமை கோரியிருக்கிறார்.

அன்றிலிருந்து இழுப்பறையில் ஒரு தகர டப்பா.
வறுத்த கொண்டைக்கடலை,
பேருந்து நிற்கும் ஐந்து நிமிடத்தில்
அயலூரான் இறங்கி ஓடி வாங்குகிறானே, அதுதான்.
ஆனால் சர்க்கரைப் பூச்சு இல்லாதது.
நான்கு அக்ரூட்.
நீளவாக்கில் கீறிய வெள்ளரிக்காய்.

வெள்ளரியில் ஒரு சிக்கல்: சத்தம்.
முதல் கடியில்
ஒன்பது வாரிசுகளும் சேர்ந்து நிமிர்ந்தார்கள்.
இரண்டு மாதத்தில் அவர்கள்
ஒன்றாகச் செய்த முதல் காரியம்.

சர்க்கரை வேண்டாம் என்று மட்டும்
ஷாபானிடம் சொல்ல வாய் வரவில்லை.
சொன்னால் அவர் இரண்டாம் மாடிக்குச் சொல்வார்.
இரண்டாம் மாடி அவள் மாமியாருக்குச் சொல்லும்.
ஆகவே தினமும் இரண்டு கட்டி
இழுப்பறையின் பின்மூலையில்,
காலாவதியான முத்திரைகளுக்குப் பக்கத்தில்.

ஜூனில் எறும்புகள் வந்தன.
சன்னல் சட்டத்தில் இறங்கி
கோதுமை வயல் கோப்பின் குறுக்கே
எந்த எல்லைக்கல்லையும் மதிக்காமல்.
மேலாளர் முக்ரெமின் நாற்காலி மேல் ஏறிவிட்டார்.
ஷாபான்தான் இழுப்பறையை வெளியே இழுத்தார்.

நூற்றுப் பதினெட்டு கட்டிகள்.
அவர் எண்ணவில்லை,
அவள் கணக்கு வைத்திருந்தாள்.

யாரும் பேசவில்லை.
வாரிசுகளில் ஒருவர் மட்டும்
“எனக்கும் அதேதான், பாதாம் நல்லது” என்று
சட்டைப் பையிலிருந்து ஐந்தை எடுத்து
கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.
முப்பத்திரண்டில் ஒன்றுக்காரர்.
நிலுவையில் கோப்பு இருக்கும் ஆளிடம்
ஐந்து பாதாம் வாங்கலாமா?
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
திருப்பித் தள்ளினாள்.

மறுநாள் மூன்றரைக்கு
தட்டோரம் ஒரே கட்டி.
ஷாபான் பேரம் பேசுகிறார்.
எடுத்து அவர் தட்டிலேயே வைத்தாள்.
அடுத்த நாள் அரை, கத்தியால் பிளந்தது.
அதற்கும் அடுத்த நாள் கால்.
இந்த அலுவலகத்தில் வேலை பார்த்துப் பார்த்து
அவருக்கும் பங்கு பிரிக்க வந்துவிட்டது.

வெறும் தேநீர் கசக்கத்தான் செய்கிறது,
பழகிவிடும் என்று சொன்னவர்கள் யாரோ.
ஆனால் நாலு கடலையை மென்றுகொண்டே
அதன்மேல் ஒரு மடக்கு விட்டால்
மாவின் அடியில் எங்கோ
துளி இனிப்பு தட்டுகிறது,
எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போன
ஒரு துண்டு நிலம் மாதிரி.

வெள்ளிக்கிழமை முக்ரெமினின் மகளுக்கு நிச்சயதார்த்தம்.
பெரிய தாம்பாளத்தில் பக்லாவா வருமாம்.
அதை
வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.