ஐந்து முறை கீழே

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் காற்று எழுந்தால்
முதலில் போவது மின்சாரம்.
இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடும்.
எடைக்கூடத்துக் கணினி கண்விழித்ததும்
பத்தொன்பது வரிகளை நீட்டி
எதற்குள் போகட்டும் என்று கேட்கும்.
பத்து நொடி தவணை.

பதில் சொல்லாவிட்டால்
லினக்ஸுக்குள் நுழைந்து படுத்துக்கொள்ளும்.
தராசு பேசுவதோ விண்டோஸோடு மட்டும்.

அதனால் சுவரில் ஒரு காகிதம்:
"கீழ் அம்பு, ஐந்து முறை."
மீன் செதில் ஒட்டி ஒட்டி
'ஐந்து' மட்டும் மினுங்கும்.

நேற்று படகு எதுவும் வரவில்லை.
உட்கார்ந்து களையெடுத்தேன்.
காலாவதியான கெர்னல்கள்,
ஒவ்வொன்றுக்கும் நிழலாக ஒரு மீட்பு வரி.
விண்டோஸ் என்ற பெயரில் மூன்று;
இரண்டுக்குப் பேர் உண்டு, ஊர் இல்லை.
அப்புறம் ஒன்று:
'தற்காலிகம். தொடாதே. பார்துர்.'
பார்துர் வேலையை விட்டு நான்கு வருடம்.
தொட்டேன்.

மிஞ்சியவை மூன்று வரி.
விண்டோஸ் உச்சியில், அடுத்து லினக்ஸ்,
அடியில் நினைவகச் சோதனை.
இனி யாரும் எதையும் அழுத்த வேண்டாம்.
காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.
காபி ஆறும்வரை
வேண்டுமென்றே அணைத்து அணைத்துப் போட்டு
அழகு பார்த்தேன்.

இரவு மூன்றரைக்குத் தொலைபேசி.
ஹொக்னி.
நாற்பது பெட்டி காட் மீன் வரிசையில் நிற்கிறதாம்.
"கணினி எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறது, மர்யுன்.
முப்பத்தொரு விழுக்காடு என்கிறது.
நம்ம மீனையா?"

காகிதத்தைத்தான் நான் கிழித்தேன்.
ஹொக்னியின் விரல்
காகிதம் படித்து எத்தனையோ காலம்.
கையுறையைப் பல்லால் கழற்றி,
ஒரு கொட்டாவிக்குள்
ஐந்து முறை கீழே போயிருக்கிறது அது.
இருப்பதே மூன்று வரி.
அடியில் முட்டியும் அழுத்தியிருக்கிறது.

முட்டியும்.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
மழை பக்கவாட்டில் பெய்தது.
போய், வரிசையை மாற்றினேன்.
சோதனை நடுவில். விண்டோஸ் அடியில்.
தானாகத் திறப்பதும் அதுவே.
ஐந்து முறை அழுத்தினாலும் அங்கேதான்,
ஐம்பது முறை அழுத்தினாலும் அங்கேதான்,
கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அங்கேதான்.
அதற்குக் கீழே இடமில்லை.

"சரி பண்ணிட்டியா?"
"ம்."

நான் கதவைத் தாண்டுவதற்குள்
மின்சாரம் இன்னொரு முறை போய் வந்தது.
ஹொக்னி திரையைப் பார்க்கவில்லை.
பெட்டிகளைப் பார்த்தபடியே
டக், டக், டக்,
டக், டக்.

முதல் பெட்டி:
முப்பத்தொன்பது கிலோ, ஐஸ் உட்பட.