மழை பெய்கிறது என்று எழுதமாட்டார்கள்

டிஷ் மாட்ட வந்த பையன்
கூரையிலிருந்து கத்திக் கேட்டான்:
"நீங்க ஹங்கேரிக்காரங்களா?"
இல்லை என்றேன்.
என் அப்பா வழி ஸ்வீடன்.
வெர்லின் வீட்டார் எங்கிருந்து வந்தார்கள் என்பது
அவர்களுக்கே தெரியாது.
பிறகு எதற்கு மாதம் பதினெட்டு டாலர் கூடுதலாக என்று
பையன் கேட்கவில்லை.
தென்கிழக்கில் நிற்கும் எல்ம் கிளையை
வெட்டிவிடச் சொல்லி இறங்கிப் போனான்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இருபத்தாறு வருடம்
சோளம் உலர்த்தும் விசிறிகளுக்கு அடியில் வேலை.
முதலில் சிட்டுக்குருவிகள் போயின,
பிறகு தொலைபேசி,
பிறகு நான்.
ஒரு காதில் வாங்கி மறு காதில் விட
மற்றக் கணவர்களுக்கு வாய்த்த வசதி
வெர்லினுக்கு இல்லை.

நம் ஊர் சேனல்களிலும் எழுத்து வரும்.
கறுப்புப் பட்டையில், மூன்று நொடி பிந்தி,
ஆளுநர் பேச்சில் பாதியை விழுங்கிவிட்டு.
நான் சிரித்து முடித்து
முகத்தைத் துடைத்துக்கொள்ளும்போது
அவனுக்கு நகைச்சுவை வந்து சேரும்.
சாப்பாடு ஆறியபின் வந்த விருந்தாளி போல
அவன் தனியாகச் சிரிப்பான்.
சில நாள் சிரிக்காமலே இருந்துவிடுவான்.

இலவச வாரம் ஒன்றில்
ரிமோட்டைத் தவறாக அழுத்தியதில் கிடைத்தது
புடாபெஸ்ட்.
அங்கே இரவு எட்டு, இங்கே மதியம் ஒன்று.
வெளியே பனி கண்ணைக் கூசுகிறது என்று
திரையை இழுத்து மூடினேன்.
இன்ஸ்பெக்டர் பொக்லார்க்கா
டிராமில் கிடந்த ஒற்றைக் கையுறையை முகர்ந்து
ஏதோ சொன்னாள்.
எனக்கும் புரியவில்லை!
கீழே வெள்ளை எழுத்து வந்தது.
அவனுக்காக வந்ததல்ல,
எனக்காகவும் வந்தது.
நான் கண்ணாடியைத் தேடினேன்.
அதற்குள் வெர்லின் சிரித்துவிட்டான்.

என் முழங்காலைத் தட்டி,
படி, படி என்று கை காட்டினான்.

அன்றிலிருந்து அவன்தான் முந்தி.
கொலைகாரனை நாலாம் நிமிடத்தில் பிடித்துவிடுகிறான்.
பல் தெரிந்து உதடு ஒட்டினால்
"இல்லை" என்று பொருளாம்.
ஹங்கேரிய மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை
காது கேளாத ஒருவன்
கண்டுபிடித்துக் கொடுத்தான்.

போன வியாழக்கிழமை
பொக்லார்க்கா ஒரு காலி வீட்டுக்குள் நுழைந்தாள்.
ஜன்னலோரம் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.
கீழே எழுத்தே இல்லை.
வெர்லின் என் பக்கம் திரும்பினான்.
புருவம் கேட்டது: என்ன நடக்கிறது?

மழை.
மழைக்கு எழுத்துப் போடமாட்டார்கள்.
ஹங்கேரி தெரியாதவருக்கும்
மழை கேட்கும் என்று நினைத்திருப்பார்கள்.
நூலகத்து வகுப்பில் நான் கற்ற கைமொழி கொஞ்சம்.
பத்து விரலையும் தளர்த்தி
மேலிருந்து கீழே இறக்கினேன்.
அது அவனுக்குத் தெரியும்.
ஆனால் கீழ்த்தளத்தில்
யாரோ பியானோ பழகிக்கொண்டிருந்தார்கள்.
ஒரே துண்டு. நாலு சுரம். மூன்றாவது பிசகும்.
மறுபடி முதலிலிருந்து.
இதற்கு என்ன கை காட்டுவது?

அவன் தொடையில் வாசித்தேன்.
ஆள்காட்டி, நடுவிரல்,
பிசகு,
சுண்டுவிரல்.
மறுபடி.

வெர்லின் குரலை வெளியே எடுப்பது
வருடத்துக்கு இரண்டு மூன்று முறை.
பக்கத்து வீட்டு லூத்தரன் பாதிரிக்கும் கேட்கும்படி
கேட்டான்:
"இன்னும் தப்பாத்தான் வாசிக்கிறானா?"

தலையாட்டினேன்.
நிறுத்தாதே என்று
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.
திரையில் யாரோ ஓடினார்கள்,
வெள்ளை வரிகள் வந்து வந்து போயின,
இரண்டு பேரும் படிக்கவில்லை.
கொன்றது யாரென்று இன்றுவரை தெரியாது.

எல்ம் கிளை அப்படியே நிற்கிறது.
மே மாதம் இலை விட்டால்
புடாபெஸ்ட் சதுரம் சதுரமாக உடையுமாம்.
பார்க்கலாம்.

இன்று காலை
நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் மேஜையில்
நாலு தட்டு.
மூன்றாவது,
அச்சுப் பிசகாமல்
அதே பிசகு.