தொண்ணூற்றொன்பது

ஞாயிறு காலை எட்டரை. பீல் நகரசபையின் பின்வாசல்.
சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வந்து பதினோராம் மாதம்
வாக்கு எண்ண வரும்படி கடிதம்.
வரத் தவறினால் தண்டப்பணம் என்று
அடியில், சின்ன எழுத்தில்.
அந்த வரியை வாசித்த பிறகுதான் நம்பினேன்
நான் இந்த ஊராள் என்று.
விருந்தாளிக்கு யார் தண்டம் போடுவார்?

மேசைக்கு நாலு பேர்.
ஏஷ்லிமான், ஓய்வுபெற்ற தபால்காரர், பெருவிரலில் ரப்பர் உறை.
பல்வைத்தியரிடம் வேலை செய்யும் மதாம் வொரால்.
பிரிஷ்டினாவில் பிறந்து ஆறாம் இலக்கப் பேருந்து ஓட்டும் லுல்சிம்.
பிறகு நான். கடிகாரத் தொழிற்சாலையில்
கடுகிலும் சின்னத் திருகாணிகளை
கிழமைக்கு ஐந்து நாள் எண்ணுகிறவள்.

இன்றைய கேள்வி ஒன்றுதான்:
குடியுரிமையை இன்னும் கடினமாக்கலாமா?
யா. வுய். நைன். நோன்.
ஒருத்தி கண்மைப் பென்சிலால் எழுதியிருந்தாள்.
மொழி பார்த்துப் பிரிப்பதில்லை,
யாவும் வுய்யும் ஒரே கட்டில்.

சத்தமில்லாமல் எண்ணுங்கள் என்றார்கள்.
யாராலும் முடியவில்லை.
ஏஷ்லிமான் பின்னாலிருந்து வருவார்:
நாலும் இருபதும், ஐந்தும் இருபதும்.
மதாம் வொராலின் தொண்ணூறைக் கேட்டால்
பாரிஸில் சிரிப்பார்களாம்.
சிரிக்கட்டும் என்றாள், நாவால் விரலை நனைத்தபடி.
லுல்சிம் தன் தாயின் மொழியில் முணுமுணுத்தான்.
வாடகைச் சண்டை, வரிப் படிவம்,
பிள்ளையின் காய்ச்சல் எல்லாம் எனக்கு ஜெர்மனில் வரும்.
எண்ணுவது மட்டும் தமிழில்.
எண்பத்தொன்பது தாண்டியதும்
அந்தச் சொல்லில் கால் தடுக்கும்:
தொண்ணூறு.
உள்ளே நூறு வந்து உட்கார்ந்துவிட்டது.
நூறென்று இன்னும் எவரும் எழுதித் தரவில்லை.

குகநேசனை நினைத்தேன்.
இருபத்திரண்டு வருடமாய்ச் சனிக்கிழமைகளில்
காற்பந்துத் திடலுக்கு வெள்ளைக் கோடு போடுகிறார்.
அவர் விண்ணப்பம் ஏதோ அலமாரியில்.

மதியம் கணக்கு இடித்தது. ஒன்று குறைவு.
ஏஷ்லிமான் கை முதலில் என் கட்டுக்குத்தான் வந்தது.
நான் கவனித்தேன். லுல்சிமும் கவனித்தான்.
எண்ணி முடித்து மெல்லச் சொன்னார்:
தொண்ணூற்றொன்பது.
குறை என் கட்டில்தான். காது சுட்டது.

எல்லோரும் மேசைக்கடியில் குனிந்தார்கள்.
என் கம்பளிச் சட்டையின் கைமடிப்பில்
ஏதோ உரசியது.
யாரும் பார்க்கவில்லை.
விரித்தேன். யா.
நீல மை, அழுத்தி எழுதி
அடியில் இரண்டு கோடு.
குகநேசனை ஒருநாளும் கண்டிராத ஒருவர்.
கண்டவராகவும் இருக்கலாம்.

சட்டையை ஒரு தரம் பார்த்தேன்.
"இங்கே இருக்கிறது" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.
கட்டின் மேல் வைத்து
"நூறு" என்றேன், மறந்துபோய்த் தமிழில்.
என்னவென்று கேட்காமல்
ஏஷ்லிமான் ரப்பர் வளையம் மாட்டினார்.

பின்னேரம் வீட்டில்
சப்பாத்துச் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே
குகநேசன் கேட்டார், என்ன மாதிரி?
கணக்கு சரி, என்றேன்.