அரைமணி வாடகை

மைசூர் ரோடு டிம்பர் யார்டில்
வேல்ஜி பட்டேலின் பேண்ட்சா
அரைமணிக்கு இருநூறு.
கரண்ட் போனாலும் வாடகை ஓடும் என்று
கன்னடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

இடித்த வீட்டு உத்தரம், தேக்கு.
பக்கவாட்டில் பென்சிலில் ஒரு கூழைக்கடா.
மேல்முகத்தில் அதையே
வானத்திலிருந்து பார்த்தபடி இன்னொன்று.
அலகு மட்டும் ரேகையோடு ஓட வேண்டும்;
குறுக்கே போனால் முதல் தட்டிலேயே உடையும்.

பக்கவாட்டை முதலில் அறுத்தேன்.
விழுந்த துண்டுகளை வீசவில்லை.
எடுத்த இடத்திலேயே வைத்து
டேப் சுற்றினேன்.
பறவை போய் மறுபடி கட்டை.
"வெட்டினத ஏன்க்கா ஒட்டுறீங்க?"
பலகை தள்ளும் இம்தியாஸ் கேட்டான்.
படுக்க அதுக்கொரு சமதளம் வேண்டாமா என்றேன்.

புரட்டிப் போட்டு
கழுத்தின் வளைவில் பிளேடு திரும்பும்போது
ஒரு பொறி.
படார்.
பன்னிரண்டடி எஃகு அறுந்து
கூண்டுக்குள் சுருண்டது.
சக்கரம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
இம்தியாஸ் என் விரல்களை எண்ணினான்.
நானும் எண்ணினேன்.

ஆணி.
யார் வீட்டு உத்தரமோ,
காலண்டர் மாட்டினார்களோ, கொசுவலையோ.
பிளேடுக்குத் தொள்ளாயிரம் என்றார் பட்டேல்,
ஆணியைப் பார்க்காமலே.

மிச்சத்தைப் புது பிளேடில் முடித்து
டேப்பைப் பிரித்தேன்.
நாலு பக்கமும் கட்டை கழன்று விழ
மேசையில் நின்றது
கண்ணில்லாமல்,
சிறகெல்லாம் பல்தடத்தோடு,
தொண்டைப் பையில் ஆணியோடு.

பிடுங்கப் பார்த்தேன், வரவில்லை.
ஆர்டர் கொடுத்த அபார்ட்மென்ட்காரர்கள் கேட்டால்
மீன் என்று சொல்லிக்கொள்ளலாம்.
அவர்கள் ஏரியில் அதற்குக் கிடைப்பதும்
ஏறக்குறைய இதுதான்.