இருபதாவது நிமிடம்

சும்மா நிற்கையில் குறையொன்றும் சொல்லாது.
கலப்பை மண்ணைக் கவ்விய பிறகுதான்
திக்கித் திக்கிப் பேசும்.
லிம் சூ காங்கில் கீரைத் தோட்டம்,
நாற்பது வயது டிராக்டர்,
நனைந்த சட்டையோடு நான்.

பூன் ஹோக் கோப்பி நீட்டுகிறார்.
"பம்ப் போச்சா?"
விலையைத்தான் கேட்கிறார்.

வடிகட்டி புதிது.
குழாயில் காற்றில்லை.
இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாய்த் தளர்த்தி
எது ஊமையென்று கேட்கப்போனால்
தெங்கா விமானம் வானத்தைக் கிழிக்கிறது.
காத்திருக்கிறேன், ஸ்பேனரைக் கையில் உருட்டியபடி.
மூன்றுக்கும் குரல் இருக்கிறது.

ரஃபிகுல் மறுபடி உழுகிறான்.
கடிகாரம் பார்த்துக் கூடவே நடக்கிறேன்,
பூட்ஸில் பாதி வயல்.
பதினெட்டு. பத்தொன்பது.
இருபதில் இருமல்,
ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், பிறகு மூர்ச்சை.

"நிப்பாட்டு, நல்லா ஆகும், அக்கா."
அவனுடைய அரைத் தமிழ்.

நிறுத்தினால் ஏன் நல்லாகும்?

டாங்க் மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ்ஸ்…
அழுது முடித்த பிள்ளைபோல்
நீளமாய் உள்ளே இழுத்தது.

பழைய மூடி போன மாதம் தொலைந்ததாம்.
இது ஏதோ லாரியின் மூடி,
அச்சாய்ப் பொருந்தியது,
சொட்டும் சிந்தாது,
துளையே கிடையாது.
டீசல் இறங்க இறங்க
உள்ளே வெறுமை இறுகியிருக்கிறது.

ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன்.
பம்புக்கென்று எடுத்துவைத்த வெள்ளிகளை
பூன் ஹோக் ஒருமுறை எண்ணி
மறுபடி மடித்தார்,
சற்று ஏமாந்தவர்போல.

பாத்திக் கடைசியில் ரஃபிகுல் திரும்புகிறான்.
இருபத்தொன்று.
இருபத்திரண்டு.
கோப்பி ஆறிவிட்டது,
காதை எடுக்கவில்லை இன்னும்.