அரைப்புள்ளி

டீன் மாரிட் டோலஃப்ஸ்ரூட் ஓய்வு பெற்ற மதியம்
கேக்கின் மேல் சட்டப் புத்தகம் வரைந்திருந்தார்கள்.
பேசியவர்கள் சொன்னவை: புதுக் கட்டடம், நன்கொடைகள்,
பார்க்கிங் தகராறைத் தீர்த்த விதம்.
இருபத்திரண்டு வருடம் அவருக்குத் தட்டச்சு செய்தவன் நான்.
என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்
ஒரு ஈயைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

எங்கள் மாநில அரசியலமைப்பின் கையெழுத்து மூலத்தில்
பள்ளிகள் பற்றிய பிரிவு.
‘குழந்தைகள் அனைவருக்கும்’ என்பதை அடுத்து
ஒரு குறி.
காற்புள்ளி என்றே எல்லாரும் அச்சிட்டார்கள்.
காற்புள்ளி என்றால் பின்னால் வரும் ‘குடியிருப்போர்’
முன்னால் போகும் குழந்தைகளின் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்.
அரைப்புள்ளி என்றால் விட்டுவிடும்.
வாலுக்கு மேலே ஒரு தலை இருக்கிறதென்று நிறுவ
மாரிட்டுக்கு ஆனது
பதினோரு வருடம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு விவாகரத்து.

நால்வருக்கு மூவர் என்று நீதிமன்றம் ஒப்பியது.
பீட் கிழங்கு பிடுங்க வருகிறவர்களின் பிள்ளைகள்
அந்த அக்டோபரில் பள்ளிப் பேருந்தில் ஏறினார்கள்,
கையில் வயல் மண்ணோடு.

பிறகு ஆறு.
ஏப்ரலில் பனி உருகி நூலக நிலவறைக்குள் இறங்கியது.
கண்காட்சிக்கு வாங்கி வைத்திருந்த மூலப்பிரதியும் அங்கேதான்.
நனைந்த தாளை உறைய வைத்தால் பூஞ்சை பிடிக்காதாம்.
உருளைக்கிழங்குக் கிடங்கின் குளிரறையில்,
பொரிக்க வெட்டிய துண்டுகளின் பைகளுக்கு நடுவே
ஏழு மாதம் கிடந்தது அரசியலமைப்பு.

உலர்ந்து திரும்பிய அன்று கண்ணாடியை வைத்தார்.
வால் இருந்தது.
தலை இல்லை.
அந்த மை தண்ணீருக்குக் கரையாது.
ஈயின் எச்சம் கரையும்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும்.
ரேடியேட்டர் ஒரு தரம் இருமியது.
‘மூடி வைத்துவிடலாம்’ என்று ஒரு குரல்.
என்னுடையதுதான்.
அவர் கோட்டைக் கழற்றினார். ‘தாள் போடு’ என்றார்.

நான்கு பக்கம்: என் வாசிப்பு தவறு.
‘வருந்துகிறேன்’ என்று நானாகச் சேர்த்ததை அடித்துவிட்டார்.
ஐந்தாம் பக்கம் தொடங்கி இன்னும் முப்பது:
புள்ளியே இல்லாவிட்டாலும்
அந்தப் பிள்ளைகளை ஏன் இறக்கிவிடக் கூடாது.

முதல் நான்கைத்தான் ஊர் படித்தது.
ஒருவர் அவரைத் துரோகி என்றார், இன்னொருவர் புனிதை என்றார்;
இரண்டு கடிதத்தையும் ஒரே கோப்பில் போடச் சொன்னார்.
வழக்கு மறுபடி நடக்கிறது. தீர்ப்பு வரவில்லை.
பேருந்து ஓடுகிறது, இடைக்காலத் தடையின் பேரில்.

கேக்கை வெட்டினார்கள்.
தட்டோடு என் பக்கம் வந்து குனிந்து,
‘மனுவின் மூன்றாம் பக்கத்தில்
ஒரு காற்புள்ளி கூடுதல்’ என்றார்.
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்றேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்,
நான் சாவியைத் தேடும்வரை.